டேப்பட் என்றார்கள், டேப்பட் இல்லை: என் மாருதி 800-இன் டிக் டிக்

வணக்கம் மக்களே. முதலில் நான் வாயை மூடிக்கொள்கிறேன், மைக்கை பானெட்டுக்குள் வைக்கிறேன், நீங்களே கேளுங்கள்.

கேட்டதா? தையல் மிஷின் ஓடுவது போல ஒரு டிக் டிக். இது 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, 796 சிசி, மூன்று சிலிண்டர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும், பத்து நிமிஷம் ஓட்டினால் காணாமல் போய்விடும்.

யாரிடம் கேட்டாலும் டேப்பட் என்றுதான் சொன்னார்கள், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற சின்னக் கைக்கும் நடுவில் இடைவெளி அதிகமாகி அடிக்கிறதாம். ஆயில் குறைந்தாலும் ராக்கர் பக்கம் இப்படிச் சத்தம் வரும் என்பதால் முதலில் ஆயில் அளவுக் குச்சியை இழுத்துப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது. சரி என்று ஒரு பட்டறையில் அந்த இடைவெளியைச் சரிசெய்து டேப்பட் செட் செய்தேன். மறுநாள் காலை, அதே டிக் டிக்! இன்னும் கொஞ்சம் டைட் வைத்தால் அடங்கிவிடும் என்றார் மெக்கானிக். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த எஞ்சினில் ஸ்க்ரூ வைத்த ராக்கர், அளவுக்கு மேல் இறுக்கினால் வால்வு முழுசாக மூடாது, சத்தம் நிற்கும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும், அப்புறம் வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பாகத்தை, அதாவது ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

எனக்கு உறுத்தியது அந்தப் பத்து நிமிஷம். டேப்பட் என்றால் சூடான பிறகும் கொஞ்சமாவது கேட்க வேண்டும், இது சுத்தமாக நின்றுவிடுகிறது. சூட்டில் விரிந்து எதுவோ அடைபடுகிறது என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டாக, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாயாக இருக்கலாம். குழப்பம் எங்கே என்றால், இரண்டு சத்தத்துக்கும் தாளம் ஒன்று. எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஒரு தடவை திறக்கும், அதாவது 900 ஆர்பிஎம்மில் நிமிஷத்துக்கு 450 டிக். ராக்கர் அடித்தாலும் 450, அதே சிலிண்டரில் புகை கசிந்தாலும் 450, காதுக்கு வித்தியாசமே தெரியாது.

அதனால் எஞ்சின் ஓடும்போதே ரப்பர் கைப்பிடி போட்ட பிளையரால் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். (புது வண்டிகளில் இதைச் செய்யாதீர்கள், காயிலும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம்மும் போய்விடும்.) முதல் வயர், டிக் டிக்கில் மாற்றமில்லை. இரண்டாவதைக் கழற்றினேன், எஞ்சின் குலுங்கியது, டிக் டிக் அமுங்கிவிட்டது. டேப்பட் என்றால் வயரைக் கழற்றினாலும் அடித்துக்கொண்டேதான் இருக்கும், அந்த சிலிண்டரில் பெட்ரோல் எரிகிறதா இல்லையா என்பது ராக்கருக்குத் தெரியாது.

மறுநாள் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது மேனிஃபோல்டு எஞ்சினோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். இதோ, கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், இரண்டாவது சிலிண்டரின் புகை வெளிவரும் போர்ட்டுக்குக் கீழே மை தடவியது போல ஒரு கறுப்புக் கோடு, அதன் மேல் ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு நுரைக் குமிழ் வெடிக்கிறது பாருங்கள்.

அந்த மூட்டில் புகை கசியாமல் நடுவில் வைக்கும் பேக்கிங் போயிருக்கிறது, அவ்வளவுதான். நட்டுகளுக்கு ராத்திரியே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டேன், அப்படியும் ஒன்று முரண்டு பிடித்தது. புது பேக்கிங் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கி, ஒரு தடவை ஓட்டி ஆறவிட்டு மறுபடி ஒரு பிடி பிடித்தேன்.

இப்போது காலை ஆறரை, ஜில் ஸ்டார்ட். உன்னிப்பாகக் கேட்டால் லேசாக ஒரு டிக் இருக்கிறது. அது நிஜமாகவே டேப்பட்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.