99.8% அக்யூரசி வருதா? முதல்ல டேட்டாவைத் திறந்து பாருங்க

[திரை: ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் ரிசல்ட் பக்கம். 99.8% மட்டும் பெரிதாகிறது.]

பர்கூரோ, செட்டிக்கரையோ, ஓசூரோ, எந்த ஊர் இன்ஜினியரிங் காலேஜா இருந்தாலும் ஃபைனல் இயர்ல ‘மெஷின் லேர்னிங் வச்சு நெட்வொர்க் தாக்குதலைக் கண்டுபிடிக்கிறது’னு தலைப்பு எடுத்தா, கடைசியில இப்படி ஒரு நம்பர் வந்து நிக்கும். ராண்டம் ஃபாரஸ்ட் போட்டாலும் வரும், டீப் லேர்னிங் போட்டாலும் வரும். எதைப் போட்டாலும் வருதுன்னா, சூட்சுமம் டேட்டாவுல இருக்கு.

பலரும் எடுக்கிறது கேடிடி கப் 99-ங்கிற டேட்டா தொகுப்பு. அமெரிக்காவுல எம்ஐடி லிங்கன் லேப் 1998-ல செயற்கையா உண்டாக்கிப் பதிவு பண்ண டிராஃபிக்ல இருந்து வந்தது. ஒரு கனெக்ஷனுக்கு 41 ஃபீச்சர், அதாவது அதைப் பத்தின 41 விவரம். எல்லாரும் டவுன்லோட் பண்றது அதோட 10 சதவீத ஃபைல், 4,94,021 வரி. ஒவ்வொரு வரியிலயும் இது நார்மலா, எந்தத் தாக்குதல்னு ஒரு லேபிள் இருக்கும். அந்த லேபிள் வாரியா எண்ணுங்க.

[திரை: பட்டை வரைபடம். யூ2ஆர் பட்டை கண்ணுக்கே தெரியவில்லை.]

டிராஃபிக்கைக் கொட்டி முடக்குற தாக்குதல்கள் ரெண்டு: ஸ்மர்ஃப் 2,80,790, நெப்டியூன் 1,07,201. நார்மல் வெறும் 97,278. சாதாரண யூசரா உள்ளே வந்து ரூட் அதிகாரத்தைப் பிடிக்கிற யூ2ஆர் வகை மொத்தமே 52. எது வந்தாலும் ‘அட்டாக்’னு சொல்ற ஒரே வரி கோடு எழுதினாலும் 80 சதவீதம் கிடைச்சிடும். அந்த 52-ஐயும் கோட்டை விட்டா அக்யூரசி 0.01 சதவீதம்தான் குறையும். ஸ்மர்ஃபோ, ரௌட்டர்கள்ல டைரக்டட் பிராட்காஸ்டை (வெளியில இருந்து வர்ற ஒரே செய்தியை நெட்வொர்க்ல எல்லா மெஷினுக்கும் அனுப்புற வசதி) அணைச்சு வைக்க ஆரம்பிச்சதுமே பல் போன தாக்குதல்.

இன்னொரு வில்லங்கம், நகல் வரிகள். முழு ஃபைல்ல பயிற்சிப் பகுதியில சுமார் 78 சதவீதம், டெஸ்ட் பகுதியில 75 சதவீதம் நகல்னு 2009-ல ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க. கலைச்சுப் போட்டுப் பிரிச்சா, அதே வரி ரெண்டு பக்கமும் போய் உக்காந்துக்கும். கேள்வித்தாள் முன்னாடியே கைக்கு வந்த பரீட்சைதான். நகலை நீக்கி வந்தது என்எஸ்எல்-கேடிடி: பயிற்சிக்கு 1,25,973, டெஸ்டுக்கு 22,544. இந்த ரெண்டு ஃபைலையும் சேர்த்துக் கலைக்காதீங்க! பயிற்சியில இல்லாத தாக்குதல்களும் டெஸ்ட்ல வேணும்னேதான் இருக்கு. ஸ்கோர் சட்டுனு இறங்கும். இறங்கட்டும்.

புதுசா வேணும்னா சிஐசி-ஐடிஎஸ் 2017. இதுலயும் பொறி உண்டு. தாக்குற பக்கத்தோட ஐபி பெரும்பாலும் 172.16.0.1-னே பதிவாகியிருக்கு. திங்கட்கிழமை முழுக்க நார்மல், தாக்குதல் எல்லாம் செவ்வாய்ல இருந்து வெள்ளி வரை. ஐபியையும் டைம்ஸ்டாம்பையும் விட்டு வச்சா, மாடல் தாக்குதலைப் படிக்காது. முகவரியையும் கிழமையையும் மனப்பாடம் பண்ணும். ஃப்ளோ ஐடி, சோர்ஸ் ஐபி, டெஸ்டினேஷன் ஐபி, டைம்ஸ்டாம்ப் நாலையும் தூக்கிடுங்க. லேபிள் நெடுவரிசையோட பேருக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் ஒளிஞ்சிருக்கும்; ‘கீ எரர்’ வர்றது அதனாலதான். வேகத்தைக் காட்டுற நெடுவரிசைகள்ல இன்ஃபினிட்டி இருக்கும், அதையும் கழிச்சிடுங்க. பிரிச்ச பிறகுதான் ஸ்கேலரும் (எண்களை ஒரே அளவுக்குக் கொண்டு வர்றது) ஸ்மோட்டும் (அரிய வகைக்குச் செயற்கை வரி சேர்க்கிறது). ஸ்கேலரைப் பயிற்சிப் பகுதியில மட்டும் ஃபிட் பண்ணி, அதையே டெஸ்டுக்கும் போடுங்க; ஸ்மோட் பயிற்சிப் பகுதிக்கு மட்டும்.

[திரை: மாம்பழக் கூழ் ஃபேக்டரி. எடைமேடை முன் லாரி வரிசை.]

இப்ப கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில இந்த மாடலை மாட்டுறோம்னு வைங்க. ஒரு நாளைக்கு 1 லட்சம் கனெக்ஷன், அதுல 10 தாக்குதல். தாக்குதல்ல 99 சதவீதத்தைப் பிடிக்குது, நல்லதை 1 சதவீதம்தான் தப்பா சொல்லுது. கேக்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போட்டா, பொய் அலாரம் சுமார் 1,000, உண்மையானது 10. நூத்துக்கு ஒண்ணுதான் நிஜம். இந்தக் கணக்கை 1999-லயே ஸ்டீஃபன் ஆக்செல்சன் எழுதி வச்சுட்டார். ஒவ்வொண்ணையும் 3 நிமிஷம் பார்த்தா 50 மணி நேரம் ஆகும். நாளுக்கு இருக்கிறதோ 24.

அதோட சீசன் வேற. நவம்பர் டிராஃபிக்ல பயிற்சி கொடுத்த மாடலுக்கு, ஜூன்ல ராத்திரி 2 மணிக்கு எடைமேடை கம்ப்யூட்டர் பில் அனுப்பினா அதுவே தாக்குதலாத் தெரியும். அதனால கலைச்சுப் பிரிக்காம, தேதி வாரியாப் பிரிங்க: பழைய வாரங்கள்ல பயிற்சி, அடுத்து வர்ற வாரங்கள்ல டெஸ்ட். ரிப்போர்ட்ல ஒவ்வொரு தாக்குதல் வகைக்கும் ரீகால், அதாவது அந்த வகையில எத்தனை சதவீதத்தைப் பிடிச்சதுங்கிறதை, தனித்தனியாப் போடுங்க. பக்கத்துலயே ஒரு நாளைக்கு எத்தனை பொய் அலாரம்னு ஒரு நெடுவரிசை. வைவாவுல எக்ஸ்டர்னல் கேக்கறதுக்கு முன்னாடி அந்த நெடுவரிசையை நீங்களே காட்டிடுங்க.