மாணவர் மனநலமும் கையிலுள்ள கருவியும்

நேயர்களுக்கு வணக்கம். கோவை, பெருந்துறை, திருச்செங்கோடு வட்டாரக் கல்லூரி விடுதிகளில் சேரும் பிள்ளைகளில் பலர், சோமனூர், பல்லடம் பகுதியின் விசைத்தறி வீடுகளிலிருந்தும் பொள்ளாச்சித் தோட்டங்களிலிருந்தும், குடும்பத்தின் முதல் பட்டதாரியாகும் கனவோடு வருகிறவர்கள். இரவில் அம்மா அழைத்து, "சாப்பிட்டியா கண்ணு, நல்லா இருக்கியா?" என்று கேட்டால், "நல்லா இருக்கேனுங்கம்மா" என்றுதான் பதில் வரும். கட்டணம் கட்டப் பெற்றோர் பட்ட பாட்டை அறிந்த பிள்ளை, தன் தூக்கமின்மையையும் வகுப்புக்குப் போக மனம் வராததையும் அவர்களிடம் சொல்லத் தயங்குகிறது.

சொல்லாததைக் கைபேசி ஓரளவு காட்டக்கூடும். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 2013-ஆம் ஆண்டு, 48 மாணவர்களின் கைபேசிகளில் ஒரு செயலியை நிறுவி, அவர்களுடைய தூக்கம், நடமாட்டம், உரையாடும் நேரம் ஆகியவற்றை 10 வாரங்கள் கவனித்தார்கள். பேச்சின் பொருளை அது பதிவு செய்யவில்லை. பருவம் நகர நகர மன அழுத்தம் ஏறியதும், தூக்கமும் பேச்சும் நடமாட்டமும் குறைந்ததும் தெரிந்தன. ஸ்மார்ட் வாட்ச் இதனுடன் நாடித்துடிப்பையும் சேர்க்கிறது. அதன் அடிப்புறத்துப் பச்சை ஒளி, தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கிறது.

ஆனால் இவை நோயைக் கண்டுபிடித்துவிடும் கருவிகள் அல்ல. காய்ச்சலிலும் நாடி வேகமாகத் துடிக்கும். விடுமுறையில் ஊருக்குப் போய், அப்பாவுக்குத் துணையாக இரவு ஷிப்டில் தறி ஓட்டும் மாணவனின் விழிப்பை மனச்சோர்வின் அடையாளமாகக் கணக்கிட்டால் அது பெரும் பிழை. ஒருவருடைய வழக்கமான நாட்களோடு அவருடைய இந்த வாரத்தை ஒப்பிட்டு, அதன் காரணத்தை அவரிடமே கேட்க வேண்டும். பக்கத்து அறைக்காரரோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அந்தத் தரவை யார் பார்க்கிறார்கள் என்பது. விடுதிக் காப்பாளரும் துறைத்தலைவரும் பார்க்கும் திரைக்கு அது போகுமானால், பிள்ளைகள் வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தந்துள்ளது. செயலியின் பதிவுகளுக்கும் கல்லூரிகள் அதே மதிப்பைத் தர வேண்டும்: சேர்வதும் விலகுவதும் மாணவரின் விருப்பமாக இருக்கட்டும், தரவு வருகைப்பதிவோடும் மதிப்பெண்ணோடும் சேராதிருக்கட்டும், மாணவர் தாமே தேர்ந்த ஆலோசகர் மட்டும் அதைப் பார்க்கட்டும். ஆலோசகரையே நியமிக்காமல் செயலியை மட்டும் வாங்கி வைக்கும் கல்லூரி, பிள்ளையின் துன்பத்தைத் தெரிந்துகொண்டும் உதவாமல் இருக்கிறது என்றே சொல்வேன்.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளையின் கைபேசியை வாங்கிச் சோதிக்காதீர்கள். மதிப்பெண்ணைப் பற்றி எதுவும் கேட்காமல் ஒருநாள் பேசிப் பாருங்கள்.

தூக்கமோ பசியோ இரண்டு வாரங்களுக்கு மேல் மாறியிருந்தால் மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416, 2022 அக்டோபர் முதல் இயங்கி வருகிறது. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஸ்மார்ட் வாட்ச் தேவையில்லை, பட்டன் போன் போதும்.