மிலிட்டரி மாமா போட்ட முடிச்சு

பெரியவர்களே, தாய்மார்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் சம்பந்தி வீட்டாரே, எல்லோருக்கும் வணக்கம். படத்திறப்பு என்றால் போனவரைத் தூக்கிவைத்துப் பேசுவது நம் பக்கத்து வழக்கம். மாமாவுக்கு அது பிடிக்காது, அதனால் நான் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

1966-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். மெட்ராஸ் சாப்பர்ஸ், 1780-இல் தொடங்கிய படை, பெங்களூரில்தான் பயிற்சி. ராணுவத்தில் இவர்களைத் 'தம்பி' என்றே கூப்பிடுவார்களாம். பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது, இதுதான் இவர்கள் வேலை. நம் ஊரில் இதை யார் கேட்டார்கள், மிலிட்டரிக்காரர் என்றால் கேண்டீன் ரம் வருமா என்பதுதான் முதல் கேள்வி! மாமா கொண்டுவந்தது பெரும்பாலும் சோப்பும் ஹார்லிக்ஸும், அதில் இங்கே உட்கார்ந்திருக்கும் சிலருக்கு இன்னும் வருத்தம் உண்டு.

1971 பாகிஸ்தான் போர், டிசம்பர் 15 இரவு, மேற்கு எல்லைப் பக்கம் பசந்தர் ஆறு. நம் டாங்கிகள் அக்கரை போக, எதிரி புதைத்த கண்ணிவெடிகளுக்கு நடுவே வழி எடுத்தது 9-ஆவது இன்ஜினியர் ரெஜிமென்ட். மாமா அதில் இருந்தார். வழி முழுசாகத் தயாராகும் முன்பே டாங்கிகள் கிளம்பிவிட்டன என்று பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவரிடம் கேட்டால், "அன்னைக்கு நல்ல குளிர்டா" என்பார், அவ்வளவுதான்.

ஆனால் சின்ன வயதில் எங்களை வயலுக்குக் கூட்டிப்போகும்போது, கையில் ஒரு மூங்கில் கம்போடு முன்னால் நடப்பார், வரப்பைக் குத்திக் குத்திப் பார்ப்பார், "நான் கால் வச்ச இடத்துலயே கால் வைங்கடா" என்பார். பாம்புக்குப் பயந்துதான் என்று நாங்கள் சிரித்தோம். 2018-இல் கஜா புயல் அடித்த மறுநாள், தென்னைகளும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்த தெருவில், எழுபதைத் தாண்டிய மனிதர் அதே கம்போடு முன்னால் போனார், பின்னால் தெருவே அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்துப் போனது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வருஷத்துக்கு இரண்டு மாத லீவு, அதையும் சம்பா நடவுக்குத் தோதாக வாங்கிக்கொண்டு, கறுப்பு டிரங்குப் பெட்டியோடு நீடாமங்கலத்தில் இறங்குவார். மூத்த மகள் பிறந்த சேதி அவருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. குழந்தையை முதலில் பார்த்தபோது அதற்கு ஏழு மாதம், மீசையைப் பார்த்து அலறியதாம். அந்தக் கடனை அடைப்பது போலத்தான் ஓய்வுக்குப் பிறகு வீட்டிலேயே கிடந்தார் என்பது என் எண்ணம்.

அப்புறம் அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஆறு வருஷம். சமையல், துணி, மருந்து எல்லாம் அவர்தான், மகள்கள் வந்து அழைத்தும் அனுப்பவில்லை. தினமும் காலையில் திண்ணையில் உட்காரவைத்து அத்தைக்குத் தலை பின்னுவார். வகிடு நூல் பிடித்தது போல இருக்கும், அடியில் ரிப்பனுக்கு மட்டும் பாலத்துக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சு. "இது தலைங்க, ஆத்துக்குக் குறுக்கே கட்டுறதா நெனச்சிட்டீங்களா?" என்று அத்தை குழறிக்கொண்டே திட்டும், அவர் காதில் வாங்காதவர் மாதிரி இன்னும் ஒரு இழு இழுப்பார்.

சரி, நேரமாகிறது, பந்திக்கு இலை போட்டாயிற்று என்கிறார்கள். படத்தின் மேல் துணியைக் கட்டியிருப்பது அவருடைய பேத்தி, முடிச்சு தாத்தாவிடம் கற்றது. திறந்துவைக்க வந்திருக்கும் பெரியவர் கொஞ்சம் பொறுமையாக அவிழ்க்கவும். முடியாவிட்டால் அந்தப் பெண்ணையே கூப்பிட்டுக்கொள்ளலாம்.