கேம்பிங்குக்கு விலை குறைஞ்ச சின்ன ஜெனரேட்டர் வாங்கலாமா?

அடுத்த கேள்வி. "கேம்பிங் போறப்ப லைட், ஃபேன், போன் சார்ஜுக்கு விலை குறைஞ்ச பெட்ரோல் ஜெனரேட்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பெட்டியில 950னு போட்டிருக்கு. வாங்கலாமா?"னு கேட்டிருக்காங்க.

ரெண்டு ராத்திரி தங்கப் போறீங்க, நீங்க சொன்ன மூணு வேலைதான் அப்படின்னா, வாங்காதீங்க. ஏன்னு கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

10 வாட் எல்இடி லைட் ரெண்டு, 5 மணி நேரம் எரியுது. வாட்டை மணி நேரத்தால பெருக்கினா 100 வாட் அவர். 25 வாட் டிசி ஃபேன் ராத்திரி பூரா 8 மணி நேரம் ஓடுது, 200. நாலு போன், ஒண்ணுக்கு 20னு வச்சா 80. ஆக ஒரு ராத்திரிக்கு 380 வாட் அவர். ஒரே நேரத்துல எல்லாத்தையும் போட்டாலும் லோடு 100 வாட் பக்கத்துலதான் நிக்கும். இந்த 100 வாட்டுக்காக ஒரு பெட்ரோல் இன்ஜினை விடிய விடிய ஓட்டணும். சாதாரண ஜெனரேட்டர்ல 50 ஹெர்ட்ஸ் வரணும்னா இன்ஜின் 3000 ஆர்பிஎம்ல சுத்தியே ஆகணும். லோடு கம்மியா இருக்கேன்னு வேகத்தைக் குறைக்க முடியாது. சத்தம் அப்படியேதான் இருக்கும், பெட்ரோல் செலவும் பெருசா குறையாது. கேம்ப் இடங்கள் நிறையத்துல ராத்திரி ஜெனரேட்டர் ஓட்டவே விடமாட்டாங்க, அது வேற.

இதே வேலையை 500 வாட் அவர் லித்தியம் பவர் ஸ்டேஷன், அதாவது பெரிய பவர் பேங்க் மாதிரி ஒரு பேட்டரிப் பெட்டி, சத்தமில்லாம செஞ்சிடும். ஏசி பிளக்ல எடுத்தா இன்வெர்ட்டர்ல 10, 15 சதவீதம் போயிடும். ஃபேனையும் போனையும் 12 வோல்ட், யுஎஸ்பி பக்கம் மாட்டினா அந்த நஷ்டம் குறையும். ரெண்டாவது நாளைக்கு, கார் ஓடுறப்ப 12 வோல்ட் சாக்கெட்ல சொருகிடுங்க. சுமார் 100 வாட் ஏறும், நாலு மணி நேர டிரைவ்ல முதல் ராத்திரி செலவானது திரும்பிடும்.

அப்போ ஜெனரேட்டர் யாருக்குத்தான்? ஒரே இடத்துல நாலஞ்சு நாள், கார் நகராது, ஃப்ரிட்ஜ் ஓடணும், சின்ன பம்ப் போடணும், டிரில் ஓட்டணும், இந்த மாதிரி ஆளுங்களுக்கு. அவங்களும் ராத்திரி பூரா ஓட்ட வேண்டியதில்ல. பகல்ல ரெண்டு மூணு மணி நேரம் ஓட்டி பேட்டரியில ஏத்திக்கிட்டு, ராத்திரி நிறுத்திடலாம்.

அப்படி வாங்குறவங்க முதல்ல அந்த 950ஐ மறந்துடுங்க. மெஷின்ல ஒட்டியிருக்கிற தகட்டைப் பாருங்க. அந்த வகையில பெரும்பாலும் ரேட்டட் 650 வாட்னுதான் இருக்கும், தொடர்ந்து எடுக்க முடியிறது அவ்வளவுதான். 1500 வாட் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பெல்லாம் நினைச்சே பார்க்காதீங்க. மோட்டார் இருக்கிற சாமான் ஸ்டார்ட் ஆகுற நொடியில ஓடுற வாட்டைப் போல மூணு மடங்குக்கு மேல இழுக்கும். 200 வாட் பம்ப்புக்கே இந்த மெஷின் திணறலாம்.

அந்த சைஸ்ல வர்ற மலிவு மெஷின் அனேகமா டூ ஸ்ட்ரோக். பெட்ரோல்லயே ஆயில் கலக்கணும். 50க்கு 1னு போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி. கண் மதிப்புல ஊத்தாதீங்க, அளவு கப் வச்சிக்கோங்க. ஆயில் குறைஞ்சா பிஸ்டன் இறுகிப் பிடிச்சுக்கும். கூடினா புகை கக்கி ஸ்பார்க் பிளக் கறுத்துப்போய் ஸ்டார்ட் ஆகாது. ஒரு ஸ்பேர் பிளக்கும் பிளக் ஸ்பேனரும் டூல் பையில இருக்கட்டும். ஃபோர் ஸ்ட்ரோக்னா வேற கதை: பெட்டியில வர்றப்ப ஆயில் இல்லாமத்தான் வரும். ஊத்தாம கயிறு இழுத்தா, ஆயில் இருக்கான்னு பார்க்கிற சென்சார் இருக்கிறது ஸ்டார்ட் ஆகாது, சென்சார் இல்லாதது ஸ்டார்ட் ஆகிக் கெட்டுப்போகும். ஆயில் சரியா இருந்தும் நடுவுல நின்னுபோச்சுன்னா, சரிவான தரையில வச்சிருக்கீங்களான்னு பாருங்க. ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, சென்சார் ஆயில் இல்லைன்னு நினைச்சு நிறுத்திடும்.

லேப்டாப், கேமரா சார்ஜர் போடுறதா இருந்தா, என் பரிந்துரை இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்தான். விலை கூடத்தான், ஆனா லோடுக்குத் தகுந்தா மாதிரி இன்ஜின் வேகம் குறையும், கரண்ட்டும் சீரா வரும். மலிவு மெஷின்ல லோடு ஏறி இறங்குறப்ப வோல்டேஜும் ஆடும். அதனால ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் சூடானப்புறம் லோடு போடுங்க, லோடை எடுத்துட்டு இன்ஜினை நிறுத்துங்க. முன்பக்கம் 12 வோல்ட் 8.3 ஆம்ப்னு ஒரு அவுட்லெட் இருக்கும். பலபேர் ஏமாறுற இடம் அது. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் பண்றதுக்காக வச்சது, ரெகுலேஷன் கிடையாது. பேட்டரி இல்லாம அளந்தா 12ஐ விட எவ்வளவோ மேல காட்டும். போன் அடாப்டரையோ கார் ஃப்ரிட்ஜையோ அதுல நேரா மாட்டினா போச்சு.

இப்ப உயிர் விஷயம். புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தலைவலி, குமட்டல்னு ஆரம்பிக்கும், தூங்குறவனுக்கு அதுகூடத் தெரியாது. டெண்ட்டுக்குள்ள, டெண்ட் வாசல் திரைக்கடியில, கார் டிக்கியில, மழைக்கு மேல தார்ப்பாய் மூடி, எப்படியும் ஓட்டக் கூடாது. குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி, சைலன்சர் வாய் டெண்ட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்த மாதிரி வையுங்க. காத்து ராத்திரியில திசை மாறும்கிறதால டெண்ட்டுக்குள்ள பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வேணும். 1.5 ஸ்கொயர் எம்எம் மூணு கோர் ஒயர் 20 மீட்டர் எடுத்துக்கிட்டா தூரமா வைக்க வசதி. ரீல்ல சுத்தின மாதிரியே விட்டுடாதீங்க, சூடாகும், முழுசா பிரிச்சிடுங்க. பெட்ரோல் ஊத்தணும்னா நிறுத்தி 15 நிமிஷம் ஆறவிட்டுத்தான்.

மலை மேல போறவங்களுக்கு ஒண்ணு: 300 மீட்டர் ஏற ஏற பவர் சுமார் 3.5 சதவீதம் குறையும். 1500 மீட்டர்ல 650 வாட் மெஷின் 540 வாட் கொடுத்தாலே பெரிய விஷயம்.

கடைசியா, வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுக்கிற மெஷின் மக்கர் பண்றதுக்கு முக்கியக் காரணம் கார்புரேட்டர்ல தேங்கின பழைய பெட்ரோல். ரெண்டு மூணு மாசத்துல அது பிசினாகி, ஜெட்டை, அதாவது பெட்ரோல் போற சின்னத் துவாரத்தை, அடைச்சிடும். சோக் போட்டாத்தான் ஓடுது, சோக்கைத் தள்ளினா அணைஞ்சுடுதுன்னா ஜெட் அடைப்புன்னு சந்தேகப்படுங்க. திரும்பி வந்ததும் டாங்கிலேர்ந்து பெட்ரோல் வர்ற வால்வை மூடிட்டு இன்ஜினைத் தானா நிக்கிற வரைக்கும் ஓடவிடுங்க. அப்புறம் கார்புரேட்டர் கிண்ணத்தோட அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தை வடிச்சுட்டு, டாங்கையும் காலி பண்ணி வையுங்க. அடுத்த கேம்பிங்குக்கு முந்தின வாரமே வீட்டு வெளியில ஒரு மணி நேரம், லோடு போட்டு ஓட்டிப் பார்த்துட்டுக் கிளம்புங்க.