மக்கர் செய்யும் சிடி டிரைவ்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மடிக்கணினி பழுது பார்க்கிறவன். பழைய மடிக்கணினியில் சிடி, டிவிடி டிரைவ் வேலை செய்யாமல் போனால் வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் காலத்தில் யார் சிடி போடுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். படம் பார்க்க யாரும் போடுவதில்லை, சரி. ஆனால் கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் படம் பிடிக்கும் பழக்கம் வருவதற்கு முன்னால், நம் வீட்டு நல்லது கெட்டதெல்லாம் தகட்டில்தான் பதிவாகியிருக்கிறது. அக்கா கல்யாணம், பேரன் காதுகுத்து, தேவனாம்பட்டினம் மாசி மகத்தில் எடுத்த வீடியோ, ஸ்கேன் சென்டரில் கவரில் போட்டுக் கொடுத்த தகடு. இவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் கடையை மூடி வருஷக்கணக்காகியிருக்கும். டிரைவ் போனால் வேறு டிரைவ் வாங்கிக்கொள்ளலாம். தகட்டில் இருப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. டிரைவைச் சரிசெய்யும் ஒவ்வொரு வேலையையும் இதை மனதில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

முதலில் குற்றம் யார் மேல் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தகடு, டிரைவ், விண்டோஸ் என்று மூன்று பேர்மேல் சந்தேகம். கடையில் வாங்கிய, கீறல் இல்லாத ஒரு படத் தகட்டை உங்கள் மடிக்கணினியில் போட்டுப் பாருங்கள். ஓடாத உங்கள் தகட்டைப் பக்கத்து வீட்டுக் கணினியிலோ பழைய டிவிடி பிளேயரிலோ போட்டுப் பாருங்கள். நல்ல தகடு ஓடி, உங்களுடையது மட்டும் எங்கேயும் ஓடவில்லை என்றால் கோளாறு தகட்டில். உங்கள் தகடு வெளியே ஓடி, உங்கள் மடிக்கணினியில் எதுவுமே ஓடவில்லை என்றால் டிரைவிலோ விண்டோஸிலோ. இதைச் செய்யாமலே புது டிரைவ் வாங்கிப் பணத்தை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, காது கொடுத்துக் கேளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தகட்டைப் போட்டு மூடுங்கள். நல்ல டிரைவ் என்றால் முதலில் 'ட்ரக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். லேசர் ஒளியைப் பாய்ச்சித் தகட்டைப் படிக்கும் லென்ஸ் ஏறி உட்கார்ந்திருக்கும் வண்டி தகட்டின் நடுப்பக்கம் போய் நிற்கிறது. குறுந்தகட்டை உள்ளிருந்து வெளியே நோக்கித்தான் படிக்க வேண்டும். எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலும் நடுவில்தான் இருக்கும். லென்ஸ் மேலும் கீழும் அசைந்து தகட்டைத் தேடும். மோட்டார் 'உய்ய்' என்று வேகமெடுத்து, பிறகு ஒரே சீராக ஓடும்.

வேகமெடுக்கிறது, தளர்கிறது, மறுபடி வேகமெடுக்கிறது, கடைசியில் அடங்கிவிடுகிறது என்றால், ஒளி போகிறது, படிக்க முடியவில்லை என்று அர்த்தம். லென்ஸில் அழுக்கு இருக்கலாம், லேசர் பலம் குறைந்திருக்கலாம், தகடே கெட்டிருக்கலாம். மோட்டார் சுற்றவே இல்லை, 'தகட்டைப் போடுங்கள்' என்று திரையில் வருகிறது என்றால், தகடு இருப்பதே லென்ஸுக்குத் தெரியவில்லை. தகட்டைத் தலைகீழாக வைத்திருக்கிறோமா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மடிக்கணினி முழுக்க அதிர்ந்து 'கடகட' என்றால் தகடு சரியாக உட்காரவில்லை. மேசைக் கணினியில் தகட்டை மேலிருந்து ஒரு பிடிப்பு அழுத்திக்கொள்ளும். மடிக்கணினியில் அது கிடையாது. நடுக் குமிழைச் சுற்றிச் சின்னச் சின்னக் குண்டுகள் இருக்கும், அவைதான் தகட்டைப் பிடிக்கின்றன. நடுவில் விரல் வைத்து 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். மணமக்கள் படம் போட்ட காகித லேபிளைக் கோணலாக ஒட்டிய தகடுகளும் இப்படித்தான் ஆடும்.

தகடே போடாதபோதும் உள்ளே 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் அது சிடி டிரைவ் இல்லை, ஹார்டு டிஸ்க். உடனே மடிக்கணினியை நிறுத்துங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்கப் பார்க்க உள்ளே இருப்பது அழிந்துகொண்டே போகும். அது வேறு வைத்தியம், அதற்கென்று இருப்பவர்களிடம் கொண்டுபோக வேண்டும்.

சிலர் வந்து, டிவிடி ஓடுகிறது, சிடி மட்டும் ஓட மாட்டேன் என்கிறது என்பார்கள். சிலருக்கு இது தலைகீழாக இருக்கும். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தெருக்கூத்து வாத்தியார் வந்தார். அவருடைய அப்பா கர்ணனாக வேஷம் கட்டி ஆடிய கடைசி ராத்திரி, இரண்டு விசிடியில் இருந்தது. "தம்பி, புதுப் படமெல்லாம் ஓடுது. எங்கப்பா மட்டும் வரமாட்டேங்கிறாரு" என்றார். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பழுது எதுவும் தெரியவில்லை. "வாத்தியாரே, தகடு நல்லாத்தான் இருக்கு. உங்க டிரைவுக்கு ஒரு கண்ணு போயிருக்கு" என்று சொன்னேன்.

உண்மையிலேயே அதற்கு இரண்டு கண் உண்டு. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கி 1982இல் விற்பனைக்கு வந்த சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. அது நம் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் வந்த டிவிடியில் தகவல் இன்னும் நெருக்கமாக இருக்கும். தகவல் தகட்டைச் சுற்றிச் சுற்றி வரிவரியாகப் பதிந்திருக்கும். சிடியில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 1.6 மைக்ரான் இடைவெளி, டிவிடியில் 0.74 மைக்ரான்தான். அதைப் படிக்க 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி வேண்டும். இரண்டையும் படிக்கிற டிரைவில் இரண்டு லேசர் இருக்கும், ஒன்று முதலில் தளர்ந்துபோகலாம். விசிடி என்பது சிடி வகை. வாத்தியாரின் டிரைவில் அகச்சிவப்பு லேசர்தான் ஓய்ந்திருந்தது. வெளியிலிருந்து யுஎஸ்பியில் மாட்டும் டிரைவில் போட்டதும் இரண்டு தகடும் ஓடின. கர்ணன் பாட ஆரம்பித்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார்.

ஓய்ந்த லேசருக்கு வைத்தியம் இல்லை. உள்ளே இருக்கும் சிறு திருகைத் திருப்பி ஒளியைக் கூட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். மிச்சம் இருக்கிற உயிரும் போய்விடும்.

லென்ஸ் அழுக்கு என்றால் வைத்தியம் உண்டு. நம் ஊரில் அழுக்குக்குக் குறையே இல்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் கடற்காற்று எப்போதும் வீட்டுக்குள் இருக்கிறது. உப்பும் ஈரமும் தூசியோடு சேர்ந்தால் லென்ஸின் மேல் மெல்லிய பிசுபிசுப்பு படியும், டிரைவ் இணைப்பின் உலோக முனைகளும் மங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டியே கிடந்த அலமாரியில் பூஞ்சணம் பிடித்த தகடுகளையும் பார்த்திருக்கிறேன். குளிரூட்டிய அறையிலிருந்து மடிக்கணினியை எடுத்து நேராக வாசல் திண்ணைக்கு வந்தால் லென்ஸில் பனி பூத்துவிடும். அரை மணி நேரம், ஒரு மணி நேரம் சும்மா வைத்திருந்தால் தானாகத் தெளியும்.

சுத்தம் செய்ய மடிக்கணினியை முழுதாக அணைத்துவிட்டு, சார்ஜரையும் எடுத்துவிடுங்கள். தகடு வைக்கும் ட்ரேயின் முகப்பில் ஊசி நுழையும் அளவு ஒரு ஓட்டை இருக்கும். காகிதக் க்ளிப்பை நிமிர்த்தி அதில் நேராகக் குத்தினால் ட்ரே வெளியே வரும். தகடு உள்ளே மாட்டிக்கொண்டாலும் இதே வழிதான். மடிக்கணினி டிரைவில் ஒரு வசதி, லென்ஸும் ட்ரேயோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து, அழுத்தாமல் ஒருமுறை துடையுங்கள். அந்த லென்ஸ் முடி மாதிரியான கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் ஒடியும். நகப் பூச்சு அழிக்கும் திரவம் கிட்டேயே வரக்கூடாது, பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள்.

தகட்டைத் துடைப்பதற்கும் முறை இருக்கிறது. விரல் ரேகை, எண்ணெய்ப் பசை இருந்தால் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. காரணம் சொல்கிறேன். கொஞ்சம் அழிந்தாலும் மீட்டுக்கொள்ளும்படி ஒரு கணக்கைச் சேர்த்துத்தான் தகட்டில் எழுதுகிறார்கள். ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960இல் வெளியிட்ட முறை அது. சிடியில் ஒரு வரியில் தொடர்ந்து இரண்டரை மில்லிமீட்டர்வரை அழிந்தாலும் அந்தக் கணக்கு முழுதாக மீட்டுக் கொடுத்துவிடும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம்தான் தின்னும். வட்டமாக விழும் கீறல் ஒரே வரியை நீளமாகத் தின்னும், அப்போது கணக்கு தோற்றுப்போகும்.

பளபளக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துப் பார்த்துத் துடைக்கிறோம். சிடியில் பயப்பட வேண்டியது மேல்பக்கம். தகவலும் வெள்ளிப் பூச்சும் லேபிளுக்கு அடியில், மெல்லிய வார்னிஷுக்குக் கீழேயே இருக்கின்றன. மேலே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே போதும், கெட்டுவிடும். தகட்டை விளக்குக்கு நேரே பிடித்து மேல்பக்கத்திலிருந்து பாருங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே பூச்சு உதிர்ந்துவிட்டது, அந்தப் பகுதி திரும்ப வராது. டிவிடியில் தகவல் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

இனி விண்டோஸ். கணினி தொடங்கும்போது, விண்டோஸ் வருவதற்கு முன்பே, பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய் டிரைவின் பெயர் தெரிகிறதா பாருங்கள். அங்கேயே இல்லை என்றால் வன்பொருள் கோளாறு. அடிப்பக்கம் டிரைவைப் பிடித்திருப்பது பெரும்பாலான மாடல்களில் ஒரே ஒரு ஸ்க்ரூதான். அதை எடுத்து டிரைவை வெளியே இழுத்து, இணைப்பு முனைகளைத் துடைத்துத் திரும்பச் செருகினால் பல நேரம் உயிர் வந்துவிடும். பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் மட்டும் காணோம் என்றால் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் குறியோடு இருக்கும் டிரைவை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். அப்போதும் 19, 39 போன்ற பிழை எண் வந்தால், பழைய சிடி எழுதும் மென்பொருள் ஏதோ, ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பதிவுகளைக் குழப்பிவிட்டிருக்கும். அதில் கை வைக்கும் முன் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் ஓட்டும் வசதியே கூட வருவதில்லை. கோப்புகள் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை என்றால் டிரைவைக் குறை சொல்லாதீர்கள். விஎல்சி என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள், ஓடும்.

டிரைவ் விட்டு விட்டு வேலை செய்கிற நிலைக்கு வந்துவிட்டால், அது படிக்கிற நேரத்தில் தகட்டைப் படியெடுத்துவிட வேண்டும். படியெடுப்பது நமக்குப் புதிதல்ல, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைப் பாருங்கள். அங்குள்ள சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. சுவடிகளில் இருப்பது நம் காலம்வரை வந்ததற்குக் காரணம், ஓலை இற்றுப்போகும் முன்பே யாரோ உட்கார்ந்து புது ஓலையில் படியெடுத்ததுதான். நம் வீட்டுத் தகட்டுக்கும் அதே வேலை பாக்கி இருக்கிறது. வீட்டில் எழுதிய தகட்டில் தகவல் ஒரு சாயத்தில்தான் பதிந்திருக்கிறது, வெயில் படுகிற இடத்தில் கிடந்தால் அது இன்னும் சீக்கிரம் வெளிறும்.

கோப்பு கோப்பாக நகலெடுத்தால் ஒரு கெட்ட இடத்தில் சிக்கி எல்லாம் நின்றுவிடும். விசிடி, பாட்டு சிடி தவிர மற்றவற்றில் முழுத் தகட்டையும் ஐஎஸ்ஓ பிம்பம் என்ற ஒரே கோப்பாக எடுப்பது நல்லது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. முதல் சுற்றில் சுலபமாக வருவதையெல்லாம் எடுத்துக்கொள்ளும், சிக்கலான இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு திரும்பத் திரும்ப முயலும். பாதியில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அதே குறிப்புக் கோப்பை வைத்துக்கொண்டு வேறொரு டிரைவில் தகட்டைப் போட்டு மிச்சத்தை எடுக்கலாம் என்பதுதான். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். வெளி டிரைவ் வாங்கினால் அதை மடிக்கணினியிலேயே நேராகச் செருகுங்கள். பழைய யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும். நடுவில் ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் ஹப் வைத்து மற்றவற்றோடு பகிர்ந்தால் டிரைவ் பாதியில் மயங்கி நின்றுவிடும்.

எடுத்த பிரதியை இரண்டு இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். 2015 வெள்ளத்தில் கீழ்த்தளம் மூழ்கிய வீடுகளில் தகடும் மடிக்கணினியும் பென் டிரைவும் ஒரே அலமாரியில் இருந்து ஒன்றாகப் போயின. பிரதியை ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். விளிம்புப் பக்கம்தான் அதிகம் கெட்டிருக்கும், அதனால் கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். அதுவரை பழைய தகட்டைத் தூக்கிப் போட வேண்டாம். வணக்கம்.