“வெறும் விளையாட்டுக்கா இவ்வளவு காசு?” – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னிக்கு முதல் கேள்வி, பெங்களூரு முருகேஷ்பாளையத்துலேருந்து ஒரு அம்மா. வாய்ஸ் மெசேஜா அனுப்பியிருக்காங்க, பின்னாடி குக்கர் விசில் அடிக்குது. “மேடம், என் பையனுக்கு ஏழு வயசு. இந்த வருஷம் ஸ்கூல் மாத்தினோம். அதுலேருந்து எடுத்ததுக்கெல்லாம் கத்தறான், தூக்கிப் போட்டு உடைக்கறான். டாக்டர் ப்ளே தெரபிக்கு அனுப்பினாங்க. ரெண்டு மாசமா போறோம். முக்கா மணி நேரத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூவா. வெளிய வந்ததும் என்னடா பண்ணேன்னு கேட்டா, ‘வெளையாடினேன்’ங்கறான். அந்தத் தெரபி மேடமும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க. வெறும் விளையாட்டுக்கா இவ்வளவு காசு? அதை வீட்டுலயே விளையாடிக்க மாட்டானா?”

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிச்சிருக்கு. நிறையப் பேர் மனசுல இருக்கறதுதான், காசு விஷயம்ங்கறதால கேக்கக் கூச்சப்படுவாங்க. இந்த அம்மா நேரா கேட்டுட்டாங்க. ஆனா அந்த ‘வெறும்’ இருக்கே, அது ரெண்டு நாளா எனக்கு அரிச்சுக்கிட்டே இருக்கு.

ப்ளே தெரபின்னா விளையாட்டு வழியா பிள்ளை மனசுக்குச் சிகிச்சை. முதல்ல அந்த ரூமுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிடறேன். சொப்புச் சாமான், டாக்டர் செட்டு, கைப்பாவை, களிமண், ஒரு பொம்மை வீடு, குத்தறதுக்கு ஒரு காத்தடிச்ச பொம்மை. ஒரு தட்டு நிறைய மணல், பக்கத்து அலமாரியில கொலுப்படி மாதிரி சின்னச் சின்ன உருவங்க. மனுஷங்க, மிருகம், பாலம், போலீஸ், பேய் எல்லாம் இருக்கும். என் தெரபி ரூம்ல கர்நாடகா சன்னபட்டணத்து மரப் பொம்மைங்கதான் நிறைய. கையில ஒரு கனம் இருக்கும், கீழ போட்டாலும் சீக்கிரம் உடையாது, பாட்டரியும் கிடையாது. தானா கத்தி தானா ஓடற பொம்மையை வாங்கி வச்சா பிள்ளைக்கு அங்க வேலையே இல்ல.

இந்த மணல் தட்டு புதுசு ஒண்ணும் இல்ல. லண்டன்ல மார்கரெட் லோவன்ஃபெல்ட்னு ஒரு டாக்டர் 1929லயே பிள்ளைங்களை இப்படி மணல்ல உலகம் கட்ட விட்டுப் பார்த்தாங்க. அப்புறம் அமெரிக்காவுல வர்ஜீனியா ஆக்ஸ்லைன்னு ஒரு சைக்காலஜிஸ்ட். 1947ல அவங்க இந்தச் சிகிச்சைக்கு எட்டு விதி எழுதி வச்சாங்க. எட்டையும் நான் இங்க ஒப்பிக்கப் போறதில்ல. ஒண்ணு மட்டும்: பிள்ளை முன்னாடி போகும், பெரியவங்க பின்னாடி போகணும், அவசரப்படுத்தக் கூடாது. இன்னிக்கு எந்தப் பொம்மையை எடுக்கறது, யாரு சாகறது, யாரு பிழைக்கறதுன்னு எல்லாம் பிள்ளைதான் முடிவு பண்ணும்.

யோசிச்சுப் பாருங்க, ஏழு வயசுப் பிள்ளையோட நாள்ல அது முடிவு பண்ற விஷயம் என்ன இருக்கு? எழுந்திரு, பல் தேய், வேன் வந்துருச்சு, டைரி எங்க, ஹோம்வொர்க் எடு. அந்த முக்கா மணி நேரம்தான் அது சொல்லி ஒரு பெரியவங்க கேக்கற நேரம்.

ரெகுலரா பாக்கறவங்களுக்கு அடுத்து நான் எங்க வரப்போறேன்னு தெரிஞ்சிருக்கும். ஆமா, அதேதான். கேக்காதீங்க, சொல்லுங்க. பிள்ளை ஒரு பொம்மையை எடுத்தா, நம்ம வாயில முதல்ல வர்றது “இது என்ன? யானையா? யானை என்ன கலர்?” அந்த நிமிஷமே அது பரீட்சை ஆயிடுச்சு. அதுக்குப் பதிலா “அதைத் தூக்கி உச்சியில வச்சுட்டே”ன்னு பார்த்ததைச் சொன்னா போதும். அது யானைன்னு நமக்குத் தெரியும், பிள்ளைக்கு அது அத்தையா இருக்கலாம்.

ஒரு பையன். அடையாளம் தெரியாதபடி விவரமெல்லாம் மாத்திட்டுத்தான் சொல்றேன். சேலத்துலேருந்து இங்க குடிவந்த குடும்பம். வாரா வாரம் ஒரே விளையாட்டு, பி.எம்.டி.சி. பஸ். எல்லாப் பொம்மையையும் ஏத்துவான், ஒரே ஒரு குட்டிப் பொம்மையை மட்டும் ஸ்டாப்புல விட்டுட்டு “ரைட் ரைட்”னு கிளம்பிடுவான். நான் “ஏன்டா அவன் ஏறலை?”ன்னு கேட்டிருக்கலாம். “தெரியல”ன்னு சொல்லியிருப்பான், கதை முடிஞ்சிருக்கும். “எல்லாரும் ஏறிட்டாங்க. இவன் மட்டும் நிக்கறான்”னு சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். அடுத்த ரவுண்டுல பஸ் அந்த ஸ்டாப்புல கொஞ்சம் கூடுதல் நேரம் நின்னுச்சு. சில வாரம் கழிச்சு அந்தக் குட்டிப் பொம்மை பஸ்ஸோட கூரை மேல உக்காந்துச்சு. உள்ள ஏறலை, கூரை மேல! அதுக்கு என்ன மேடம் அர்த்தம்னு அவங்கம்மா கேட்டாங்க. எல்லாத்துக்கும் அர்த்தம் கண்டுபிடிச்சே ஆகணும்னு இல்லம்மா, கூரை மேல காத்து நல்லா வந்திருக்கலாம்னேன்.

இதுல நம்ம பெங்களூருக்கே உள்ள ஒரு வேடிக்கை. அந்தப் பையன் விளையாட்டுல கண்டக்டர் கன்னடத்துல அதட்டுவாரு, டீச்சர் பொம்மை இங்கிலீஷ்ல திட்டும், பாட்டி மட்டும் தமிழ். அழுவாச்சி வர்ற இடமெல்லாம் தமிழ்லதான் வரும். தெரபிஸ்ட்டுக்குத் தமிழ் தெரியாதே, பரவாயில்லையான்னு அடிக்கடி கேக்கறீங்க. தெரிஞ்சா நல்லது. தெரியலைன்னாலும் விளையாட்டுல பாதிக்கு மேல பேச்சே இருக்காது.

சரி, அந்த மேடம் ஏன் சொல்ல மாட்டேங்கறாங்க? ரூமுக்குள்ள நடந்ததை வெளிய வந்து ஒப்பிச்சா, அடுத்த வாரம் உங்க பையன் அங்க வந்து நல்ல பிள்ளையா உக்காந்துக்குவான். அதுக்காக உங்களை இருட்டுல வைக்கறதும் தப்புதான். சில வாரத்துக்கு ஒரு தடவை பெத்தவங்களோட தனியா உக்காந்து, எந்தப் பக்கம் போயிட்டு இருக்கு, வீட்டுல என்ன மாத்தலாம்னு பேசணும். ரெண்டு மாசமா அதுவே நடக்கலைன்னா நீங்களே கேட்டு வாங்குங்க. பிள்ளைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் ரகசியம் கிடையாது. பாலியல் தொல்லைன்னு தெரிஞ்சா போக்ஸோ சட்டப்படி தகவல் சொல்லியே ஆகணும். ஆளைப் பத்தியும் விசாரிங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கும். மத்தவங்ககிட்ட எங்க பயிற்சி எடுத்தீங்க, யார் உங்களை மேற்பார்வை பண்றாங்கன்னு கேளுங்க. கேட்டா கோவிச்சுக்கறவங்ககிட்ட அனுப்பாதீங்க.

இப்ப அந்த அம்மா கேக்காத கேள்விக்கு வர்றேன்: வெளிய வர்ற பிள்ளைகிட்ட நாம என்ன பேசறது? வெளிய வந்ததும் “என்னடா பண்ணே?” ஆட்டோ ஏறினா “மேடம் என்ன சொன்னாங்க?” தொம்மலூர் பாலம் தாண்டறதுக்குள்ள “இனிமே கத்த மாட்டேல்ல?” பிள்ளை முக்கா மணி நேரமா யாரும் கேள்வி கேக்காத இடத்துலேருந்து வருது. ஆட்டோவுல ஒண்ணும் பேச வேணாம். பசிக்குதுன்னா ஒரு பன் வாங்கிக் கொடுங்க.

அப்புறம் “வீட்டுலயே விளையாடிக்க மாட்டானா?” நீங்க இதை நக்கலா கேட்டீங்க, நான் நிஜமாவே எடுத்துக்கறேன். பெர்னார்ட் கெர்னி, லூயிஸ் கெர்னின்னு ஒரு தம்பதி, 1960கள்ல அமெரிக்காவுல இதையேதான் செஞ்சாங்க. பெத்தவங்களுக்கே கத்துக் கொடுத்து, வாரத்துல அரை மணி நேரம் அவங்களையே பிள்ளையோட உக்கார வச்சாங்க. நீங்களும் செய்யலாம், அந்த மேடம்கிட்டயே கேட்டுக் கத்துக்கிட்டு. வாரா வாரம் ஒரே நாள், ஒரே நேரம். அந்த நேரத்துக்குன்னு தனியா ஒரு பை பொம்மை. போன் வேற ரூம்ல. தம்பி, தங்கச்சி இருந்தா அவங்க அப்பாகூட ஏரிப் பக்கம் போகட்டும். புத்தி சொல்லக் கூடாது, பாராட்டு மழையும் வேணாம். கேக்காதீங்க, சொல்லுங்க.

எறிஞ்சா என்ன பண்றது? விடக் கூடாது. மூணு வரி: “உனக்குக் கோவம் வந்துருச்சு. என் மேல எறியக் கூடாது. அந்தத் தலகாணி மேல எறியலாம்.” அவ்வளவுதான். இந்த வரிசையை மாத்தாதீங்க. நாம வழக்கமா நடு வரியை மட்டும் கத்துவோம். கோவத்தைப் பார்த்தேன்னு முதல்ல சொல்லணும், எங்க எறியலாம்னு கடைசியில காட்டணும். முதல் ரெண்டு வாரம் தலகாணி, சோபா எல்லாம் அடி வாங்கும், வாங்கட்டும்.

பதினாலு வயசுப் பொண்ணுக்கு இதெல்லாம் ஆகுமான்னு ஒயிட்ஃபீல்டுலேருந்து ஒரு அப்பா கேட்டிருக்கார். பொம்மையை நீட்டினா எழுந்து போயிடும். பொதுவா மூணு வயசுலேருந்து பன்னெண்டு வரைக்கும்தான் பொம்மை. அதுக்கு மேல சீட்டு, ஊனோ, களிமண், பாட்டு, சமையல். வின்னிகாட்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் ஒரு கிறுக்கல் விளையாட்டு வச்சிருந்தார். நான் ஒரு கோடு கிறுக்குவேன், நீ அதை ஏதாவதா மாத்து. அப்புறம் நீ கிறுக்கு, நான் மாத்தறேன். ஒரு பொண்ணு என் கிறுக்கலை வாங்கி அதைச் சுத்தி நாலு கோடு போட்டு, கேபிள் வயரெல்லாம் சிக்கித் தொங்கற பெஸ்காம் கரண்ட் கம்பம் ஆக்கிட்டா. “இது எங்க வீட்டு வாசல்”னா. அன்னிக்கு அவ பேசின ஒரே வாக்கியம். எனக்கு அது போதுமா இருந்துச்சு. சார், உங்க பொண்ணுக்கு முன்னாடி உக்காந்து பேசாதீங்க. பக்கத்துல உக்காருங்க. கார்ல ரிங் ரோடு டிராஃபிக்ல மாட்டும்போதுதான் இந்த வயசுப் பிள்ளைங்க பேசும்.

ஒரு எச்சரிக்கை. பேச்சு வரல, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல, பேசின பிள்ளை பேச்சை விட்டுடுச்சுன்னா விளையாட்டை நம்பி உக்காராம முதல்ல பரிசோதனைக்குப் போங்க. பெங்களூரு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில குழந்தைங்களுக்கும் வளரிளம் பருவத்துக்கும் தனிப் பிரிவே இருக்கு. பிள்ளை தன்னையே காயப்படுத்திக்குது, சாகறேன்னு பேசுதுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி. அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம்.

முருகேஷ்பாளையத்து அம்மா, ஆயிரத்து இருநூறு ரூவா பெரிய காசுதான், மறுக்கல. அடுத்த தடவை அந்த மேடம்கிட்ட ரெண்டே விஷயம் கேளுங்க. எனக்குத் தனியா எப்ப நேரம் தருவீங்க, வீட்டு அரை மணி நேரத்தை எனக்குச் சொல்லித் தருவீங்களா. அதுக்கு என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு இன்னொரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க, குக்கரை இறக்கி வச்சுட்டு.

அடுத்த கேள்வி, படுக்கையில ஒண்ணுக்குப் போற ஒன்பது வயசுப் பையனைப் பத்தி…