தெருவுக்கு வரும் மானியம்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

ஒரு தெருவோ ஓர் ஊரோ சேர்ந்து தங்கள் குளத்தையும் குப்பையையும் மழைநீரையும் தாங்களே பார்த்துக்கொள்ள நினைத்தால், அதற்குப் பணம் எங்கே கிடைக்கும், கிடைத்த பணம் எப்படி நிலைத்துப் பலன் தரும் என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் விண்ணப்பம் எழுத உதவி வருகிறேன். அதில் கண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் உங்கள் இடம் தாளில் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். ஊராட்சியா, பேரூராட்சியா, நகராட்சியா, மாநகராட்சியா? இது சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாதிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் ரப்பரும் வாழையும் தென்னையுமாக, இடையிடையே வீடுகளாக, பார்க்க முழுக் கிராமம். தாளில் அது பேரூராட்சி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் நம் மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தவர் என்றுதான் பதிவாகியிருக்கிறது. ஊராட்சிகள் இருப்பது 95தான். அதனால் நூறு நாள் வேலை என்று சொல்லிப் பழகிவிட்ட ஊரக வேலைத் திட்டத்தில் குளத்தைத் தூர் வாரிக்கொள்ளலாம் என்று நம்பி, வேலைத் திட்டமெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போகிறவர்கள், “உங்கள் இடத்துக்கு அது பொருந்தாது” என்ற பதிலோடு திரும்பி வருகிறார்கள். இதைக் கேட்டு மனம் தளர்ந்து குழுவையே விட்டுவிட்டவர்கள் உண்டு. விடாதீர்கள், வேறு வழி இருக்கிறது.

ஊராட்சி, நகர்ப்புறம் இரண்டுக்கும் உள்ளது ‘நமக்கு நாமே’ திட்டம். 2021-22இல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். பொதுவான விதி, மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் போட வேண்டும், மீதியை அரசு போடும். மூன்று லட்ச ரூபாய் வேலை என்றால் ஒரு லட்சம் நம் பக்கம். ஒரு தெருவில் நூறு வீடு இருந்தால் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய். எல்லோராலும் முடியாது, தெரியும். முடிந்தவர் இரண்டாயிரம், மூவாயிரம் போடட்டும். வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

பணம் பிரிக்கிற பழக்கம் நமக்குப் புதிது இல்லை. ஊர் வரி, தலைக்கட்டு வரி என்று வீடு வீடாகப் பிரித்துக் கோயில் கொடை நடத்துகிறோம், திருவிழா நடத்துகிறோம். முடிந்ததும் ஊர்க் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கிறோம். பந்தலுக்கு இவ்வளவு, மைக் செட்டுக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். சந்தேகம் இருப்பவர் அங்கேயே எழுந்து கேட்பார். தணிக்கைக்கு இதைவிட நல்ல அடிப்படை என்ன வேண்டும்? கோயில் கமிட்டியிலும் சர்ச்சின் அன்பியக் குழுவிலும் ஜமாஅத்திலும் கணக்கு எழுதிப் பழகிய ஒருவரைக் கூப்பிட்டு, குளத்துக்கும் குப்பைக்கும் ஒரு தனி நோட்டுப் போடச் சொல்லுங்கள். மானியம் கேட்கப் போகுமுன் ஆறு மாதக் கணக்கு கையில் இருந்தால், பணம் தருகிறவர் உங்களைப் பார்க்கும் விதமே மாறும்.

சரி, அடுத்தது நிறுவனங்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வெறும் தெருக் குழுவிடம் அந்தப் பணத்தை நேரே தரமாட்டார்கள். சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு வேண்டும். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி என்ற வரிவிலக்குப் பதிவுகள் வேண்டும். 2021 ஏப்ரல் முதல், நிறுவனங்களின் சமூகப் பணிப் பணத்தை வாங்கும் அமைப்புகளுக்கான சி.எஸ்.ஆர்-1 என்ற படிவத்திலும் பதிந்திருக்க வேண்டும். ஏழு பேர் சேர்ந்தால் 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் சங்கம் பதியலாம், அது எளிது. மற்ற பதிவுகளுக்கு நாளாகும். அதுவரை, ஏற்கெனவே எல்லாப் பதிவும் உள்ள நல்ல அறக்கட்டளை ஒன்றின் கீழ் சேர்ந்து விண்ணப்பிப்பதே நல்லது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எந்தக் காரணத்துக்காகவும் தனி ஆள் கணக்கில் பணம் வாங்காதீர்கள். வெளிநாட்டு நிறுவனப் பணம் என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் தொடவே கூடாது.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தெரு உரக்குடில் கட்ட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலம்புரிவிளையில் பல வருடக் குப்பை மலையாகக் கிடந்ததையும், அது பற்றி எரிந்தபோது எழுந்த புகையையும் கண்ட நாகர்கோவில்காரருக்கு இது ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. காற்றுப் போக இடைவெளி விட்டுச் செங்கல் தொட்டி கட்ட வேண்டும். அடியில் கதம்பல் என்கிற தேங்காய் மட்டைத் துண்டுகள், மேலே காய்கறிக் கழிவு, சாணிக் கரைசல், அதை மூடக் காய்ந்த இலை. கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் நாறும். நம் வீடுகளில் மீன் இல்லாத நாள் குறைவு. மீன் கழிவை அப்படியே போட்டால் ஈயும் நாயும் வந்துவிடும். அதை நடுவில் புதைத்து நார்க்கழிவால் நன்றாக மூட வேண்டும், தொட்டிக்கு வலைக் கதவும் வேண்டும். அப்புறம் மழை. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழை குறைந்த மாவட்டத்துக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தொட்டி குட்டையாகிவிடும். கூரையைத் தாழ்வாக இறக்கி, சுற்றிலும் ஓடை வெட்ட வேண்டும். இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதுங்கள். படிக்கிறவருக்கு நீங்கள் வேலை தெரிந்தவர்கள் என்பது அங்கேதான் புரியும்.

இத்தனையும் செய்த பிறகு, வாரம் இரண்டு முறை அதைக் கிளறிவிட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி வேண்டும். மானிய அறிவிப்புகளில் பெரும்பாலும் கட்டடத்துக்கும் கருவிக்கும் இடம் இருக்கிறது, கூலிக்கு இடம் இருப்பதில்லை. நல்ல தொட்டிகள் கதவு தொங்கிப்போய்ப் பாழாய்க் கிடப்பதற்கு இதுதான் காரணம். பணம் தருகிற நிறுவனங்களையும் அதிகாரிகளையும் கைகூப்பிக் கேட்கிறேன்: ஒரே தடவையில் ஐந்து லட்சம் தருவதைவிட, இரண்டு லட்சத்தில் கட்டிக் கொடுத்து, மீதியை மூன்று வருடக் கூலியாகவும் பழுது பார்க்கும் செலவாகவும் பிரித்துத் தாருங்கள். நேயர்களே, நீங்களும் குறைவாகக் கேளுங்கள். கேட்கும்போதே, மூன்று வருடம் கழித்து இதை யார் நடத்துவார், வீட்டுக்கு மாதம் எவ்வளவு பிரிப்பீர்கள் என்று எழுதிவிடுங்கள். உரம் விற்ற காசில் எல்லாம் நடந்துவிடும் என்று எழுத வேண்டாம். தெரு அளவில் கிடைக்கும் உரத்துக்கு அவ்வளவு காசு வராது.

குளத்துக்கு வேறு கணக்கு. நம் மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் குளங்கள். அவற்றில் பெரும்பகுதி மழையை மட்டும் நம்பியவை அல்ல. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து, ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். மேலே கால்வாய் அடைபட்டுக் கிடக்கும்போது நம் குளத்தை மட்டும் ஆழப்படுத்திப் பயனில்லை. மேல்குளத்து ஊரையும் கீழ்குளத்து ஊரையும் சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போடுங்கள். குளம் நீர்வளத் துறையுடையதா, உள்ளாட்சியுடையதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டல் எடுக்க விவசாயிகளுக்கு 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022 முதல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே ஆகாயத்தாமரை அள்ளுவதானாலும் வனத்துறையிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். பறவைகள் வந்து தங்கும் மாதங்களில் இயந்திரம் இறக்க வேண்டாம்.

கடைசியாக, எந்த விண்ணப்பத்துக்கும் வலு சேர்ப்பது சபைத் தீர்மானம். ஊராட்சிக்காரர்களுக்குக் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நவம்பர் 1, 1956இல் நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும் ஆகும். நமக்கு உள்ளூர் விடுமுறை என்பதால் வேலைக்குப் போகிறவர்களும் வரலாம். மார்ச் 22 தண்ணீர் நாள், குளத்தைப் பற்றிய தீர்மானத்தை அன்றைக்கே வையுங்கள். பேரூராட்சியிலும் நகராட்சியிலும் மாநகராட்சியிலும் இருப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது. 2022இல்தான் கூடத் தொடங்கியது என்பதால் பலருக்கு அது தெரியாது. உங்கள் வார்டு உறுப்பினரிடம் அடுத்த பகுதி சபை எப்போது என்று கேளுங்கள். வேலையின் பெயர், இடம், மதிப்பீடு, மக்கள் பங்கு, பராமரிப்புப் பொறுப்பு ஆகிய ஐந்தும் தீர்மானத்தில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்து நாலைந்து நாளுக்குள் அலுவலகத்துக்குப் போய் முத்திரையோடு நகல் வாங்கிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.